அசன்சோலா, ஜாவாவா?

"இன்னும் ஒரே ஒரு தடவை குலுக்கிப் போடு, ஜலஜா."

"மூணு தடவை ஆச்சு. பெருமாள் என்ன உங்க ஆபீஸ் ப்யூனா? நீங்க வேண்டாம் வேண்டாம்னு திருப்பி அனுப்பிண்டே இருப்பேள், அவர் வேற வேற கொண்டுவந்து நீட்டிண்டே இருக்கணுமோ?"

பூஜை அலமாரிக்கு முன்னால் ஸ்ரீனிவாசராகவன் ஆபீஸ் பேண்ட்டும் பனியனுமாக நின்றுகொண்டிருந்தார். ஜலஜாவின் கையில் எவர்சில்வர் டம்ளர். டம்ளருக்குள் ஐந்து சீட்டுகள். பேசிக், கோபோல், பாஸ்கல், சி, ஜாவா. பெருமாளே ஆனாலும் இந்தப் பெயர்களை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேள்விப்பட்டிருப்பார்.

முதல் தடவை பேசிக் வந்தது. ரொம்ப சுலபம் என்கிறார்களே, நம்மைச் சோம்பேறி என்று நினைத்துவிட்டால் என்று ராகவன் பயந்தார். இரண்டாம் தடவை கோபோல். அது ரொம்பப் பழசாமே என்று பயந்தார். மூன்றாம் தடவை மறுபடியும் பேசிக்.

"பேசிக்தான். கிளம்புங்கோ, மணி ஒன்பதே கால்," என்று ஜலஜா டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

விஷயம் இதுதான். கல்கத்தா டல்ஹௌசியில் ஓர் அரசு நிறுவனத்தில் ராகவன் ஸ்டோர்ஸ் அதிகாரி. 1999 நவம்பரில், துர்கா பூஜை விடுமுறை முடிந்து எல்லோரும் சோம்பல் முறித்துக்கொண்டிருந்த நேரத்தில், ஜெனரல் மானேஜர் பார்த்தசாரதியிடமிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. ஸ்டோர்ஸ் பிரிவின் ஐந்து அதிகாரிகளும் ஆளுக்கு ஒரு கம்ப்யூட்டர் மொழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரே மொழியை இரண்டு பேர் எடுக்கக்கூடாது. மூன்று வாரம் வகுப்புக்குப் போய்விட்டு விரிவாக அறிக்கை தர வேண்டும். தவறுபவர்கள் ரயிலில் மூன்று மணி நேரம் தள்ளியிருக்கும் அசன்சோல் கிடங்குக்கு மாற்றப்படுவார்கள். திங்கட்கிழமை மத்தியானத்துக்குள் மொழியின் பெயரைச் சொல்லியாக வேண்டும்.

"அசன்சோல்னா நீங்க மட்டும் போங்கோ. என் ஸ்கூல் வேலையை விட்டுட்டு நான் வரமாட்டேன்," என்று ஜலஜா அன்றைக்கே சொல்லிவிட்டாள். அவள் லேக் கார்டன்ஸில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். கணக்கு வாத்தியார் ஒரு தடவை சொன்னால் சொன்னதுதான்.

ராகவனுக்குப் பொரி நினைவுக்கு வந்தது. போன வருஷம் ஜலஜா தங்கை வீட்டுக்கு ஸ்ரீரங்கம் போன பத்து நாளும் மனிதர் பொரியைத் தண்ணீரில் நனைத்துச் சாப்பிட்டே காலத்தை ஓட்டினார். காபி போடத் தெரியாது என்பதுகூடப் பெரிசில்லை. சாயங்காலம் கதவைத் திறந்தால் "வந்தாச்சா?" என்று கேட்க ஆளில்லாத வீட்டை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அழுகை அழுகையாக வந்தது.

ஆனால் மொழியைத் தேர்ந்தெடுக்க வேண்டுமே! இந்த மனிதருக்கு அது மட்டும்தான் வராது. லேக் மார்க்கெட்டில் கால் கிலோ கத்திரிக்காய் பொறுக்க முக்கால் மணி நேரம் ஆகும். ஓட்டலில் ஜலஜா எதைச் சொல்கிறாளோ அதையே தனக்கும் சொல்வார். பெண் பார்க்கப் போனபோதுகூட, "பிடிச்சிருக்கா?" என்று கேட்டதற்கு, "அவாளுக்கு எப்படின்னு கேட்டுட்டு..." என்று இழுத்தவர்தான்.

வெள்ளிக்கிழமை காலை பெருமாள் புண்ணியத்தில் பேசிக் என்று முடிவானதும் ஓட்டமாக ஓடினார். ஆபீசில் நுழையும்போது மணி பத்தே முக்கால். அடுத்த மேஜை ஹால்தார் பான் மென்றுகொண்டே சிரித்தார்.

"பேசிக்கா? அதை நான் பத்தரைக்கே எடுத்துட்டேன், ராகவன்பாபு. பேர்லயே தெரியுதே, கஷ்டமே இருக்காது."

முதல் சீட்டோடு நிறுத்தியிருந்தால் பத்து மணிக்கே வந்திருக்கலாம். இதை யாரிடம் சொல்லி அழுவது?

மீதி நான்கு. உடனே ஒன்றைச் சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ராகவன் அப்படிச் செய்யக்கூடியவரா? இந்தத் தடவை விவரம் தெரிந்தவர்களைக் கேட்டு, ஆற அமர முடிவெடுப்பது என்று தீர்மானித்தார். கல்கத்தாவில் ஒரு மனிதன் செய்யவே கூடாத காரியம் அது.

ஞாயிற்றுக்கிழமை காலை தெருமுனை கிளப்பில் இரண்டு காரம் போர்டுகளைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களிடம் கேட்டார். கிளப் செக்ரெட்டரி சுபீர்தா, அதாவது சுபீர் அண்ணா, தேநீரைக் கீழே வைத்தார்.

"சி தான், தாதா. இதுல கேக்கறதுக்கு என்ன இருக்கு?"

"கோபோல் இல்லாம உலகமே நின்னுபோகும்," என்றார் எதிரில் இருந்த ஹோமியோபதி டாக்டர். அவர் கம்ப்யூட்டரைத் தொலைவிலிருந்து ஒரு தடவை பார்த்திருந்தார்.

"டாக்டர், உங்களுக்கு என்ன தெரியும்?"

"உனக்கு என்ன தெரியும்?"

பதினொரு மணிக்குக் கிளப் இரண்டாகப் பிரிந்தது. பன்னிரண்டு மணிக்கு சி கட்சி ஒரு காரம் போர்டையும் கோபோல் கட்சி இன்னொரு காரம் போர்டையும் தூக்கிக்கொண்டு போயின. ஒரு மணிக்கு இரண்டு தரப்பும் ஒருவரையொருவர் கண்டித்துத் தீர்மானம் போட்டன. சாயங்காலம் கோபோல் கட்சிக்காரர்கள் தெருவில் ஊர்வலமாக வந்து, "சி சொல்பே நா, சொல்பே நா!" என்று, அதாவது சி செல்லாது, செல்லாது என்று, ராகவன் வீட்டு வாசலில் நின்று கத்தினார்கள். அவர்களில் யாருக்கும் எந்த மொழியும் தெரியாது. அதற்காக ஒரு கட்சி இல்லாமல் இருக்க முடியுமா?

"என்ன பண்ணினேள்?" என்றாள் ஜலஜா ஜன்னல் வழியாகப் பார்த்து.

"ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்."

திங்கட்கிழமை மத்தியானம் பார்த்தால் சியை மாணிக்கம் எடுத்துவிட்டிருந்தார். அவர் கரக்பூர் ரயில்வே குடும்பத்துத் தமிழர். ராகவனுக்கு நல்ல நண்பர், ஆனால் எதிலும் முந்திக்கொள்வார். கோபோலையும் பாஸ்கலையும் மற்ற இருவர் எடுத்துக்கொண்டார்கள். மிச்சம் இருந்தது ஜாவா.

"நல்லதாப் போச்சு. நான் தேர்ந்தெடுக்கவே வேண்டாம்!" என்று ராகவன் மனசு குளிர்ந்து கையெழுத்துப் போட்டார்.

ஜாவா வகுப்பு காளிகாட்டில், ஒரு பேடா கடையின் மாடியில். அங்கே இருந்த இளம் ஆசிரியை அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, வங்காளத்தில் மாமா முறை வைத்துக் கேட்டாள்.

"மேஷோமஷாய், உங்களுக்கு சி தெரியுமா?"

"தெரியாது."

"சி தெரிஞ்சவங்களைத்தான் ஜாவாவில் சேர்ப்போம். சாயங்காலம் இங்கே வந்து உட்காருங்க, வேண்டாங்கலை. ஆனா காலையில எங்கேயாவது சி படிச்சுட்டு வாங்க. ஆபீஸ் போறவங்களுக்குக் காலை ஏழு மணி வகுப்பு பெஹாலாவுல ஒண்ணுதான் இருக்கு."

பெஹாலா வகுப்பு ஒரு பனியன் கடைக்கு மேலே. மாடிப்படியில் ஒரு கறுப்பு நாய் படுத்திருந்தது. பிஸ்கட் கொடுத்தால்தான் மேலே விடும் என்று தெரிந்துகொள்ள ராகவனுக்கு ஒரு பேண்ட் செலவானது. கிழிசலைக் கையால் மறைத்துக்கொண்டு மேலே போய் எட்டிப் பார்த்தார். முதல் வரிசையில், நோட்டும் நான்கு கலர் பேனாவுமாக மாணிக்கம்!

சட்டென்று தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். ஒரே மொழியை இரண்டு பேர் படிக்கக்கூடாது. மாணிக்கம் பார்த்தால் ஆபீஸ் முழுக்கத் தெரிந்துவிடும். தெரிந்தால் அசன்சோல். பொரி. பச்சைத் தண்ணீர்.

மறுநாள் காலை ராகவன் மங்கி குல்லாயை மாட்டிக்கொண்டு போனார். நவம்பர் பிறந்தால் கல்கத்தாவில் பாதிப்பேர் மங்கி குல்லாய்க்குள்தான் இருப்பார்கள், அதனால் யாரும் சந்தேகப்படவில்லை. வருகைப் பதிவில் ப்ரோதீப் என்று பெயர் கொடுத்தார். எல்லாம் சரியாக நடந்தது, ஒன்றைத் தவிர. இரண்டு பேருக்கு ஒரு கம்ப்யூட்டர். ப்ரோதீப்பை மாணிக்கத்தின் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டார்கள்.

மூன்று நாள் ராகவன் குல்லாய்க்குள்ளிருந்து வங்காளத்தில் ஆமாம், இல்லை என்பதற்கான "ஹ்யா"வும் "நா"வும் மட்டுமே சொல்லிச் சமாளித்தார். மாணிக்கத்துக்கோ பேச ஆள் கிடைத்தால் போதும். சுத்தமான வங்காளத்தில் ஆபீஸ் கதையெல்லாம் கொட்டித் தீர்த்தார்.

"எங்க ஆபீஸ்ல ராகவன்னு ஒருத்தர், ப்ரோதீப்தா. தங்கமான மனுஷன். ஆனா டீயா காபியான்னு கேட்டா அரை மணி நேரம் யோசிப்பார். கடைசியில தண்ணி குடிச்சுட்டுப் போயிடுவார்."

"ஹ்யா," என்றார் ராகவன். குல்லாய்க்குள் காது சுட்டது.

நாலாவது நாள் இருவருமாகச் சேர்ந்து இரண்டு வரி தட்டினார்கள். திரையில் 'நமஸ்காரம்' என்று வர வேண்டும், அவ்வளவுதான். மாணிக்கம் பொத்தானை அமுக்கினார். திரை நிறையப் பிழைச் செய்தி. இருபத்தாறு!

"அடப் பெருமாளே! ரெண்டு வரிக்கு இருபத்தாறு தப்பா!"

வகுப்பே ப்ரோதீப்பைத் திரும்பிப் பார்த்தது. மாணிக்கம் மெதுவாகக் கையை நீட்டி, மங்கி குல்லாயின் முன்பக்கத்தை ஒரு விரலால் கீழே இழுத்தார்.

"ராகவன் சார்?"

"மாணிக்கம், உம்ம காலைப் பிடிச்சுக்கறேன். வெளியில சொல்லிடாதேயும். அசன்சோலுக்கு அனுப்பிடுவா. ஜலஜா வரமாட்டேங்கறா."

மாணிக்கம் நல்லவர்தான்.

"சொல்லலை சார். ஆனா அந்த அறிக்கை ஃபாரத்தைப் பார்த்தீங்களா? நாலு பக்கம். எழுதற வேலை நமக்கு வராது. உங்களுக்கு நல்லா வரும்."

ராகவன் ஒப்புக்கொண்டார். வேறு வழி?

அந்த ஃபாரம் ஒரு விசித்திரமான ஃபாரம். 'மொழி எளிதா, கடினமா?' என்ற கேள்விக்கு இரண்டே வரி இடம் விட்டிருந்தார்கள். மீதிப் பக்கமெல்லாம் வேறு கேள்விகள். வகுப்பு இருட்டுவதற்குள் முடிகிறதா? பஸ் நிறுத்தம் எவ்வளவு தூரம்? பெண்கள் எத்தனை பேர் படிக்கிறார்கள்? ஆசிரியர் கத்துவாரா? குடிக்கத் தண்ணீர் உண்டா?

"ஜி.எம். எவ்வளவு நுணுக்கமா யோசிக்கறார் பாரும்," என்று ராகவன் வியந்துபோனார். "அதனாலதான் அந்த நாற்காலியில உட்கார்ந்திருக்கார்."

மாணிக்கம் சத்தியத்தைக் காப்பாற்றினார். ஒரே ஒருவரிடம் மட்டும்தான் சொன்னார். அந்த ஒருவர் ஹால்தார். ஹால்தார் அன்று மத்தியானமே ராகவனின் மேஜையில் வந்து உட்கார்ந்து, ஒரு பீடாவையும் அறிக்கை ஃபாரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"மாணிக்கத்துக்கு எழுதறீங்களாமே, ராகவன்பாபு. நான் என்ன பாவம் பண்ணினேன்?"

மறுநாள் மற்ற இருவரும் வந்தார்கள்.

ஐந்து அறிக்கை! சரி, நான்கு சுவருக்குள் உட்கார்ந்து கற்பனையாக எழுதித் தள்ளியிருக்கலாம். ஆனால் பார்க்காததை எழுத ராகவனுக்குக் கை வராது. பஸ் நிறுத்தம் எவ்வளவு தூரம் என்று கேட்டால் நடந்து பார்த்து எண்ணித்தான் எழுதுவார். அதனால் ஹால்தார் மட்டம் போட்ட பேசிக் வகுப்பு, மற்றவர்கள் மட்டம் போட்ட கோபோல், பாஸ்கல் வகுப்புகள் எல்லாவற்றுக்கும் அவரே போனார். காலையில் சி, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு நாள் கோபோல், ஒரு நாள் பாஸ்கல், சாயங்காலம் ஜாவா, சனிக்கிழமை பேசிக். எல்லா இடத்திலும் முதல் பாடம் நமஸ்காரம் சொல்லுவதுதான். மூன்று வாரத்தில் அவருக்கு ஐந்து மொழியில் நமஸ்காரம் சொல்ல வந்துவிட்டது. அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.

"ஏன்னா, உங்க ஸ்வெட்டர் பையில பிஸ்கட் பொட்டலம் இருக்கே, யாருக்கு?" என்று ஒரு நாள் ஜலஜா கேட்டாள்.

"நாய்க்கு."

"எந்த நாய்?"

"சி நாய்."

ஜலஜா அவர் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். சூடு இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் கவலையாக இருந்தது.

"இவ்வளவு அலையணுமா? இளைச்சுப் போயிட்டேள். அசன்சோலே ஆனாலும் சனிக்கிழமை சனிக்கிழமை நான் ரயிலேறி வந்துடுவேன்."

"ஆறு நாள்?" என்றார் ராகவன். ஜலஜா உள்ளே போய், பிஸ்கட் தீர்ந்துவிடப் போகிறதே என்று இன்னொரு பொட்டலத்தை எடுத்துவந்து பையில் வைத்தாள்.

வெள்ளிக்கிழமை ஐந்து அறிக்கைகளும் ஜி.எம். அறைக்குப் போயின. ஐந்திலும் ஐந்து விதமான கையெழுத்து, ஐந்து விதமான மை. ராகவன் அந்த அளவுக்கு யோசித்துத்தான் செய்திருந்தார். திங்கட்கிழமை காலை ப்யூன் வந்து, "ராகவன் சாரை மட்டும் கூப்பிடறார்," என்றான்.

பார்த்தசாரதி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு, ஐந்து அறிக்கைகளையும் மேஜையில் சீட்டுக்கட்டு மாதிரி பரப்பி வைத்திருந்தார்.

"உட்காரும். ஹால்தாரோட அறிக்கையைப் படிச்சேன். வகுப்புக்கு வழி எழுதியிருக்கார். 'இட்லி மாவு அரைத்துத் தரும் கடைக்கு நேர் எதிரே' ன்னு. ஹால்தாருக்கு இட்லி மாவுக் கடை எதுக்கு ஓய்?"

ராகவன் நாற்காலியின் நுனிக்கு வந்தார்.

"பாஸ்கல் அறிக்கையில, 'வாசலில் நல்ல பச்சைச் சுண்டைக்காய் கிடைக்கிறது' ன்னு இருக்கு. இந்த அஞ்சையும் எழுதினது நீர்தானே?"

"சார், மன்னிச்சுடுங்கோ சார். அவாளைத் தண்டிச்சுடாதேங்கோ. அசன்சோல்னா நான் ஒருத்தன் போறேன். போறதுக்கு முன்னாடி ஒரு மாசம் டைம் மட்டும் கொடுங்கோ. காபி போடக் கத்துக்கணும்."

"அதை விடும். அஞ்சு வகுப்புக்கும் நீரே நேரில் போனீரா?"

"போனேன் சார்."

"அஞ்சையும் பார்த்தவர் இந்தக் கல்கத்தாவுலயே நீர் ஒருத்தர்தான். அப்போ நீர்தான் சொல்லணும்." ஜி.எம். மேஜையின் மேல் சாய்ந்து வந்தார். "முதல் முதலா படிக்கறவாளுக்கு அஞ்சுல எது? 'இருந்தாலும்', 'ஒரு விதத்துல பார்த்தா', இதெல்லாம் வேண்டாம். ஒரே ஒரு பேர்."

ராகவன் கண்ணை மூடிக்கொண்டார். டம்ளரும் இல்லை, சீட்டும் இல்லை, ஜலஜாவும் இல்லை. சாயங்காலம் கதவு திறப்பதும் "வந்தாச்சா?" என்ற குரலும் மட்டும் மனசுக்குள் வந்துபோயின. நாற்பத்தெட்டு வருஷ வாழ்க்கையில் முதன்முறையாக, யாரையும் கேட்காமல், வாயைத் திறந்தார்.

"சி, சார்."

"நிச்சயமா?"

"நிச்சயம் சார்!"

சொன்ன வேகத்தில் அவருக்கே மயிர்க்கூச்செறிந்தது. பார்த்தசாரதி எழுந்து வந்து அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"மூணு மாசமா எனக்குத் தூக்கம் கிடையாது ஓய். உம்மால இன்னிக்குத் தூங்குவேன்."

"அப்போ அசன்சோல் சார்?"

"அங்க எதுக்கு? அங்க இருக்கறவாளுக்கே வேலை இல்லை. யாரும் எங்கேயும் போக வேண்டாம், போய் வேலையைப் பாரும்."

கம்பெனிக்காகத் தூக்கத்தைத் தொலைக்கிற இப்படி ஒரு மனிதரா என்று ராகவன் உருகிப்போனார். நேரே டெலிபோனுக்கு ஓடி ஜலஜாவின் பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டார்.

"ஜலஜா! போகவேண்டாமாம்! நானே சொன்னேன், நானே! ஒரே வார்த்தை!"

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"சரி, இனிமே கத்திரிக்காயையும் நீங்களே பொறுக்குங்கோ," என்றாள் ஜலஜா.

சாயங்காலம் ராகவன் விசில் அடித்துக்கொண்டே படியிறங்கினார். போர்டிகோவில் ஜி.எம். காரைத் துடைத்துக்கொண்டிருந்த டிரைவர் மணிவேல் ஓடிவந்தான்.

"சார், ஒரு சின்ன சந்தேகம். பெஹாலா கிளாஸ் மாடிப்படியில கறுப்பு நாய் இருக்குன்னு எழுதியிருந்தீங்களாமே. நெசமாவா?"

"ஆமாம். பேண்ட்டைக் கிழிச்சுடுத்து. நீ எங்கே அந்த அறிக்கையைப் பார்த்தே?"

"நான் எங்கே சார் பார்த்தேன்? ஐயா வீட்டுக்கு எடுத்துட்டு வந்ததை அவரு பொண்ணு, அனுராதா பாப்பாதான் சனிக்கிழமை பூரா உக்காந்து படிச்சுச்சு."

"அந்தக் குழந்தை எதுக்கு எங்க ஆபீஸ் அறிக்கையைப் படிக்கணும்?"

மணிவேல் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"பன்னெண்டாவது முடிச்ச பாப்பாவை எந்த கம்ப்யூட்டர் கிளாஸ்ல சேர்க்கறதுன்னு ஐயாவுக்கு மூணு மாசமா முடிவு பண்ணவே முடியலை, அதுக்குத்தானே சார் உங்க அஞ்சு பேரையும் அனுப்பிப் பார்த்தாரு, பாப்பா அந்த நாய் விஷயத்தைப் படிச்சதும் அஞ்சும் வேண்டாம்னுட்டு, நேத்தே ஐயாவுக்குக்கூடச் சொல்லாம பக்கத்து வீட்டு ரவீந்திர சங்கீத கிளாஸ்ல சேர்ந்துடுச்சு!"